பெயர் 1050 டிஐ, உள்ளே இருந்தது 2011இன் சிப்: மலிவு கிராபிக்ஸ் கார்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில், 'புத்தம் புதியது' என்ற வார்த்தையோடு, நம்ப முடியாத அளவு குறைந்த விலையில் விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? பணம் செலுத்தும் முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள். அப்படி ஒன்றை வாங்கி ஏமாந்தவன் நான். கார்டில் ஏமாந்தது ஒரு பங்கு. அதைத் திருப்பிக் கொடுக்க முயன்ற நாட்களில் ஏமாந்தது இரண்டு பங்கு.

என் தம்பி வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருக்கிறான். வீட்டில் இருப்பது ஓர் அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்துவிட்ட மேசைக் கணினி. அதில் ஜிடி 710 கார்டு ஒன்று இருந்தது. படம் திரையில் தெரிவதற்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கணினியின் பவர் சப்ளை சிறியது, கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனி இணைப்பு அதில் கிடையாது. இப்படிப்பட்ட கணினி வைத்திருப்பவர்கள் எல்லோரும் தேடித் தேடிக் கடைசியில் வந்து நிற்கும் இடம் 1050 டிஐதான். என்விடியா நிறுவனம் 2016 அக்டோபரில் கொண்டுவந்த கார்டு அது. 768 கோர்கள் (கணக்கிடும் சிறு அலகுகள்), 4 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், 75 வாட் மின்சாரம். அந்த 75 வாட்டையும் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் இடமே கொடுத்துவிடும் என்பதால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை. கையில் குறைவாகப் பணம் வைத்திருப்பவர்களின் கார்டு அது. போலி செய்பவர்கள் குறிவைப்பதும் அதையேதான். பெரிய கார்டு வாங்குபவரிடம் கேட்டுப் பார்க்க நான்கு பேர் இருப்பார்கள். முதன்முறையாகத் தம்பிக்கோ மகளுக்கோ வாங்குபவருக்கு யாரும் இருப்பதில்லை.

ஓர் இணையச் சந்தையில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். பெட்டி வந்தது. எந்த நிறுவனத்தின் பெயரும் அதன் மேல் இல்லை. வண்ணப் படம் ஒன்றும் 'ஜிடிஎக்ஸ்' என்ற எழுத்துகளும் மட்டும் இருந்தன. வரிசை எண் இல்லை. உள்ளே கார்டு, ஒரு சிடி, ஆறு முனை மின் இணைப்புக்கான ஓர் அடாப்டர் ஒயர். கார்டின் பின்புறத்தில் டிவிஐ, எச்டிஎம்ஐ ஆகியவற்றோடு நீல நிற விஜிஏ துளையும் இருந்தது. பழைய மானிட்டரையும் இணைத்துக்கொள்ளலாம் என்று தம்பி மகிழ்ந்தான்.

அந்த நீலத் துளைதான் முதல் சாட்சி. 1050 டிஐயில் உள்ள பாஸ்கல் தலைமுறைச் சிப்புகள் அனலாக் சமிக்ஞையை வெளியிடுவதில்லை. விஜிஏ துளையை அவற்றோடு நேரடியாகப் பொருத்த வழியே கிடையாது. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் விற்பனைப் பக்கத்தில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தே விலகியிருப்பேன். ஆறு முனை இணைப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உண்மையான 1050 டிஐகளிலும் சில மாடல்களில் அது உண்டு. விஜிஏ அப்படியல்ல.

முதல் இரண்டு நாட்கள் நன்றாகவே போயின. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பழைய ஜிடி 710ஐ விட இது உண்மையிலேயே வேகமாக இருந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயர் வந்தது. நினைவகம் 4 ஜிபி என்று காட்டியது. பொருள் நன்றாக இருக்கிறது என்று நானே மதிப்புரையும் எழுதிவிட்டேன். அந்த மதிப்புரையைப் படித்து வேறு யாராவது வாங்கியிருந்தால் அவர்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் தம்பி கொஞ்சம் நீளமான வீடியோ ஒன்றைத் திறந்தான். திரை முழுவதும் வண்ணக் கோடுகள் பாய்ந்து கணினி உறைந்துபோனது. மறுபடி முயன்றபோது கணினியே அணைந்துவிட்டது. திரையைப் பதிவு செய்யும் மென்பொருளில் என்விடியா கார்டுகளுக்கென்று வர வேண்டிய என்வென்க் என்ற தெரிவு (வீடியோவைக் கார்டே சுருக்கிப் பதியும் வசதி) வரவே இல்லை. டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பழையதாக இருக்கும் என்று எண்ணி, என்விடியாவின் அதிகாரபூர்வ டிரைவரைப் பதிவிறக்கி நிறுவினேன். நிறுவி முடித்ததும் மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் 43ஆம் எண் பிழையும் வந்தன. கார்டு வேலை செய்யவில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன். "சார், அதிகாரபூர்வ டிரைவரைப் போடாதீர்கள். நாங்கள் கொடுத்த சிடியில் உள்ளதையே போடுங்கள்" என்று பதில் வந்தது.

ஒரு கார்டைச் செய்த நிறுவனத்தின் டிரைவர் அந்தக் கார்டுக்கு ஒத்துவராது என்றால் அது எப்படி அந்த நிறுவனத்தின் கார்டாக இருக்க முடியும்? அன்றிரவு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். 2018இல் வந்த அதன் 2.12 பதிப்பு முதல், இப்படிப் பெயர் மாற்றப்பட்ட என்விடியா கார்டுகளை அது கண்டுபிடித்துச் சொல்கிறது. பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'ஃபேக்' என்ற சொல் வந்து நின்றது. சிப்பின் பெயர் ஜிஎஃப்116. கோர்கள் 192. தயாரிப்பு முறை 40 நானோமீட்டர். உண்மையான 1050 டிஐ என்றால் அங்கே ஜிபி107, 768, 14 நானோமீட்டர் என்று இருந்திருக்க வேண்டும்.

ஜிஎஃப்116 என்பது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சிப். ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்தது. 2018 ஏப்ரலோடு அந்தத் தலைமுறைக்கான வழக்கமான டிரைவர் மேம்பாட்டை என்விடியா நிறுத்திவிட்டது. என்வென்க் அதில் இல்லை. விளையாட்டுகள் பயன்படுத்தும் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்துக்கான ஆதரவும் இல்லை. மின்சாரம் மட்டும் 116 வாட் வரை இழுக்கும். 75 வாட் என்று நம்பி எங்கள் சிறிய பவர் சப்ளையில் இதைப் பொருத்தியிருந்தோம். கணினி தானாக அணைந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. தரமில்லாத பவர் சப்ளையாக இருந்திருந்தால் மதர்போர்டையும் சேர்த்து எரித்திருக்கும்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கார்டின் பெயரும் நினைவக அளவும் அதிலுள்ள பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் அதை வாசித்துத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். சோதித்துப் பார்ப்பதில்லை. புதிய தலைமுறைக் கார்டுகளில் பயாஸுக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு, மாற்றி எழுதினால் கார்டு ஏற்காது. ஃபெர்மி காலத்தில் அந்தக் காவல் இல்லை. அதனால்தான் 2010, 2011ஆம் ஆண்டுகளின் சிப்புகளாகத் தேடி எடுத்து, பெயரையும் நினைவக அளவையும் மாற்றி விற்கிறார்கள். என் கார்டின் பலகை பார்க்கப் புதிதாகவே இருந்தது, விசிறியும் புதியது. பின்னர் எல்லா வழியும் அடைபட்ட பிறகு சிப்பின் வெப்பத்தை உறிஞ்சும் ஹீட்சிங்க்கைக் கழற்றிப் பசையைத் துடைத்துப் பார்த்தேன். சிப்பின் மேல் ஜிஎஃப்116-400-ஏ1 என்று பொறித்திருந்தது. நினைவகச் சிப்புகளின் எண்களைத் தேடிக் கூட்டினால் மொத்தமே 1 ஜிபிதான். 4 ஜிபி இருப்பதாக நினைத்து மென்பொருள் எழுதிக்கொண்டே போகிறது. 1 ஜிபியைத் தாண்டியதும் எழுத இடமில்லை. அந்த வண்ணக் கோடுகள் அதனால் வந்தவை.

இனி, நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன்.

ஜிபியு-இசட் படத்தை விற்பனையாளருக்கு அனுப்பியபோது பொருளைத் திருப்பி அனுப்ப ஆறு நாட்கள் மீதி இருந்தன. "அந்த மென்பொருள் தவறாகக் காட்டுகிறது சார், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்றார்கள். நிறுவினேன். ஒரு நாள் போனது. "வேறு கணினியில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். நண்பர் வீட்டுக்குக் கார்டைத் தூக்கிக்கொண்டு போனேன், அங்கும் அதே நிலைதான். "பெட்டியைத் திறந்தபோது எடுத்த வீடியோவை அனுப்புங்கள்" என்றார்கள். ஒவ்வொரு கேள்வியும் மறுநாள் இரவில்தான் வந்தது. ஒவ்வொன்றும் நியாயமான கேள்விபோலவே ஒலித்தது. அவர்களுக்கு என் பதில்கள் தேவைப்படவில்லை. நாட்கள் கழிந்தால் போதும்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது சந்தையில் முறைப்படி புகார் பதிந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் குரலே மாறிவிட்டது. "சார், உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. முழுத் தொகையையும் தந்துவிடுகிறோம். ஆனால் புகார் திறந்திருக்கும்வரை எங்கள் கணக்கிலிருந்து பணம் அனுப்ப முடியாது. நீங்கள் மூடிய அன்றே அனுப்பிவிடுவோம்." கார்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள்.

நான் மூடினேன்.

பணம் வரவில்லை. மூன்று நாள் கழித்துச் சந்தையின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். வாங்கியவரே தீர்ந்துவிட்டது என்று மூடிய புகாரை அதே ஆர்டருக்கு மறுபடி திறக்க முடியாது என்றார்கள். திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. வங்கியில் கேட்டேன். பிரச்சினை தீர்ந்ததாக என் கையாலேயே பதிவாகியிருப்பதைச் சுட்டிக்காட்டி அவர்களும் மறுத்துவிட்டார்கள். பேசியவர் பொறுமையாகவே பேசினார். ஆனால் அவர் முன்னால் இருந்த திரையில் நானே சாட்சி சொல்லியிருந்தேன்.

சில வாரங்களில் அந்த விற்பனையாளரின் பக்கம் மறைந்தது. அதே புகைப்படங்களும் அதே வாசகங்களும் வேறு பெயரில் முளைத்தன. எழுத்துப்பிழைகூட மாறவில்லை.

ஆகவே, வாங்குகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: பணம் உங்கள் கணக்கில் வந்து சேரும்வரை புகாரை மூடாதீர்கள். என்ன காரணம் சொன்னாலும், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் மூடாதீர்கள். உரையாடலைச் சந்தையின் செய்திப் பெட்டியை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். விற்பனையாளரோடு பேசிப் பார்த்துவிட்டுப் புகார் பதியலாம் என்று காத்திருக்காதீர்கள், இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். பெட்டியைத் திறப்பதிலிருந்து கார்டைப் பொருத்தி ஜிபியு-இசட் ஓடும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். சிடியை ஓரமாக வைத்துவிட்டு, நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி முதல் நாளே நிறுவுங்கள். பிறகு ஓசிசிடி போன்ற மென்பொருளில் உள்ள நினைவகச் சோதனையை ஓட்டுங்கள். நினைவகம் முழுவதையும் அது நிரப்பிப் பார்க்கும், பொய்யான 4 ஜிபி அதில் தாக்குப்பிடிக்காது. எனக்கு மூன்று நாள் பிடித்ததை நீங்கள் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டுவிடலாம்.

போலி இல்லாமலேயே பெயரால் ஏமாற்றும் கார்டுகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிடி 1030 இரண்டு வகையில் வருகிறது. ஜிடிடிஆர்5 உள்ளதில் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளதில் 16.8 ஜிபிதான். பெயர் ஒன்றே. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580இலும் 2304 கோர்கள் உள்ளதும் 2048 கோர்கள் உள்ளதும் இருக்கின்றன. இரண்டாவது ஏறக்குறைய ஆர்எக்ஸ் 570தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் நினைவக வகையையும் கோர் எண்ணிக்கையையும் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல மாதங்கள் கழித்துத் தம்பிக்குப் பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றை வாங்கினேன். அதற்கும் 75 வாட் போதும். விற்றவர் ஒரு தனிநபர். அவர் வீட்டுக்கே போய், அவர் கணினியிலேயே சோதனைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரே விசிறியின் வேகத்தையும் வெப்பநிலையையும் காட்டிக்கொண்டிருந்தார். கார்டு இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

போலிக் கார்டு என்னிடமே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், பழைய கணினிக்கு ஆகும், குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டேன். அவர் கையிலிருந்து அது யாரிடம் போகும், எந்தப் பெயரில் போகும் என்று எனக்குத் தெரியாது. விசிறியின் மேலிருந்த ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு, பலகையின் பின்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன்: ஜிடிஎக்ஸ் 550 டிஐ, 1 ஜிபி, 2011.