கத்தி ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 8,500 ரூபாயும் அப்பா வைத்த மரமும் போச்சு

பார்சல் வந்து மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் படம் போட்டு ஆர்டர் எடுக்கும் பக்கங்களில் ஒன்றில்தான் இந்தக் கத்திக்கு ஆர்டர் கொடுத்தேன். கையால் அடித்த கத்தி, நாம் கேட்கும் மரத்தில் பிடி என்று விற்கிறார்கள்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் நின்றது ஏழே தென்னை. விழுந்ததில் கிணற்றடி மரம், அப்பா கல்யாணமான வருஷம் வைத்தது. அதன் அடிமரத்தில் ஒரு முழத் துண்டை மட்டும் அறுத்துப் பரணில் போட்டு வைத்திருந்தேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் அரிய முடியவில்லை. நின்றுகொண்டே அரிய ஒரு நல்ல கத்தி, அந்த மரத்தில் பிடி. அவ்வளவுதான் ஆசை.

வீடியோ காலில் வந்தான் அந்தப் பக்கத்தை நடத்தும் பையன். பின்னால் உலை எரிகிறது. கட்டையைக் காட்டச் சொன்னான். "அண்ணே, தென்னையில வெளிப்பக்கம்தான் வைரம். நடுவுல சோறு மாதிரி இருக்கும், அதை ஒதுக்கிட்டு ஓரத்துல இருந்துதான் எடுக்கணும். நார் பிரியாம இருக்க பசை ஏத்தி, நல்லா காயவெச்சு, அப்புறம்தான் இழைக்கணும்." எல்லாம் சரியான பேச்சு. தென்னையை அறுத்துப் பார்த்தவன் பேச்சு. கடைசியில், "அப்பா வெச்ச மரமாண்ணே? பத்திரமா பண்ணித் தரேன்" என்றான். அங்கேதான் விழுந்தேன். அன்றைக்கே 5,000 அனுப்பினேன். கட்டையையும் கூரியரில் போட்டேன். பாதியை அறுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். "பெரிய துண்டா இருந்தா நல்ல இடமா பார்த்து எடுக்கலாம்ணே" என்றான், முழுசாகவே அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் என்றது நான்கு மாதம் ஆனது. மீதி 3,500 வந்தால்தான் பார்சல் கிளம்பும் என்றான். அதையும் போட்டேன். ஆக 8,500.

பெட்டியைப் பிரித்ததும் பிடியின் பின்முனையைத்தான் பார்த்தேன். தென்னையைக் குறுக்கே அறுத்தால் கடுகு தூவிய மாதிரி கரும்புள்ளி தெரியும். நீளவாக்கில் ஊசி ஊசியாகக் கோடு ஓடும். ஆண்டு வளையம் தென்னைக்குக் கிடையவே கிடையாது. இந்தப் பிடியில் ஒரு புள்ளி இல்லை, வில் வில்லாக வளையக் கோடு ஓடுகிறது! மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன், துணியில் காப்பி நிறத்தில் சாயம் இறங்கியது.

அலகும் பொய். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து சூட்டோடு எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தது என்றான். அந்த இரும்பு புளிப்புப் பட்டால் கறுக்கும். நான் எலுமிச்சை மூடியைத் தேய்த்து ராத்திரி முழுக்க வைத்தேன். காலையிலும் பளபளவென்று மின்னுகிறது. பாத்திரக் கடையில் தொங்கும் எவர்சில்வர் கத்தி. அதற்கு 8,500.

போன் போட்டேன். "பாலிஷ் போட்டா அப்படித்தான் தெரியும்ணே." புள்ளி எங்கே என்றேன். "பசை ஏத்தினதுல மறைஞ்சிருக்கும்." பசை ஏற்றினால் புள்ளி இன்னும் எடுப்பாகத்தான் தெரியும். வளையம் எப்படி வந்தது என்றதும் லைன் கட். மறுநாள் வேறு எண்ணிலிருந்து ஒரு பெண், "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் இல்லை சார், பில்லிலேயே போட்டிருக்கு" என்றார். பில் என்று ஒரு காகிதம் எனக்கு வரவே இல்லை. சரி, பணத்தை அப்புறம் பேசலாம், என் கட்டையைத் திருப்பி அனுப்புங்கள் என்றேன். "மிச்சம் விழுற வேஸ்ட்டை எல்லாம் உலையில போட்டுடுவாங்க சார்." வேஸ்ட்டாம். அதோடு பிளாக் செய்துவிட்டார்கள். பக்கத்தில் நான் எழுதிய கமெண்ட்டையும் காணோம். செயலிக்குப் புகார் கொடுத்தால், விதிமீறல் எதுவும் இல்லை என்று ஒரே வரியில் பதில்.

நுகர்வோர் உதவி எண் 1915, சைபர் மோசடிக்கு 1930, இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போன உடனேயே 1930-க்குச் சொல்லிவிட வேண்டும், நான் தாமதித்துவிட்டேன்.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சொந்த மரம், கொம்பு எதையும் முழுசாக அனுப்பாதீர்கள், ஒரு துண்டு உங்களிடம் இருக்கட்டும். அனுப்பும் துண்டில் அடையாளம் வெட்டிப் படம் எடுத்து வையுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது பிடியின் முனையைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். பார்க்காமல் மீதிப் பணம் போடாதீர்கள். முடிந்தால் பட்டறைக்கு நேரில் போங்கள்.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால், 8,500-ஐ நான் விடப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டை உலைக்குப் போகாமல் பட்டறை மூலையில் எங்காவது கிடந்தால் முதலில் அதை அனுப்பிவிடு. கூரியர் காசு நான் தருகிறேன்.