ஹீட்டட் வெஸ்ட்டா, கிளவுஸா, கிரிப்பா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு ரிவ்யூ

குளிர் ஊருக்கு பைக்கில் போகிறவர்கள் முதலில் கரன்ட்டில் சூடாகும் வெஸ்ட் (கையில்லாத ஜாக்கெட்) வாங்குங்கள், அதே மாதிரி சூடாகும் கிளவுஸ் அப்புறம். முதலில் விறைப்பது விரல் என்பதால் எல்லோரும் கிளவுஸில் காசைப் போடுகிறார்கள். ஆனால் நெஞ்சும் முதுகும் குளிர ஆரம்பித்தால், இருக்கிற சூட்டை உள்ளே காப்பாற்ற உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். உடம்பு கதகதப்பாக இருந்தால் விரல் நுனி வரை ரத்தம் தாராளமாகப் போகும்.

நான் பைக் எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். 1950-களிலேயே புல்லட் செய்ய ஆரம்பித்த திருவொற்றியூர் பக்கத்தில் இருப்பதால், என்னிடம் வரும் வண்டிகளில் பாதி என்ஃபீல்டுதான். லடாக் போகும் பையன்கள் கேட்கிறார்கள் என்று வெஸ்ட், கிளவுஸ், ஹேண்டில்பார் பிடியில் மாட்டும் ஹீட்டட் கிரிப் மூன்றையும் வாங்கி ஓட்டிப் பார்த்தேன்.

நம்ம ஊர் வெயிலில் கிளவுஸை மாட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. காசிமேட்டில் மீன் கோல்டு ஸ்டோரேஜில் மச்சான் வேலை பார்க்கிறான். மைனஸ் 18-இல் இருக்கும் அறை, நேராக முகத்தில் அடிக்கும் புளோயர். அதற்கு எதிரே கைகளை நீட்டிக்கொண்டு நின்றேன். நான்கு விரல்களும் நன்றாகவே சூடாக இருந்தன. கட்டை விரல் மட்டும் கட்டை மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து அமுக்கிப் பார்த்தால், சூடேறும் கம்பி கட்டை விரலுக்குள் போகவே இல்லை! ஹாரனும் இண்டிகேட்டரும் அந்த விரலில்தானே இருக்கின்றன? கடையில் வாங்கும்போதே ஒவ்வொரு விரலையும் நுனி வரை தடவிப் பாருங்கள். இன்னொரு தொல்லை பேட்டரி. 7.4 வோல்ட் பேட்டரி மணிக்கட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும், ஜாக்கெட் கை அதன் மேல் ஏறாது. ஹையில் வைத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. லித்தியம் பேட்டரி குளிரில் இன்னும் சீக்கிரம் படுத்துவிடும்.

வெஸ்ட் வண்டி பேட்டரியிலிருந்தே கரன்ட் எடுக்கும், 12 வோல்ட். ஜனவரியில் ஊட்டி தலைகுந்தா பக்கம், புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த விடியற்காலையில் ஓட்டினேன். 5 டிகிரி குளிரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று படும் தோலுக்கு அது மைனஸ் 2 மாதிரி இருக்கும். வெஸ்ட்டை மீடியத்தில் வைத்ததே போதுமாக இருந்தது. சாதாரண கிளவுஸ்தான் போட்டிருந்தேன், விரல் மடங்கியது, கிளட்ச் பிடிக்க முடிந்தது. உள்ளே மெல்லிய பனியன், அதன்மேல் உடம்போடு ஒட்டிய வெஸ்ட், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், இந்த வரிசைதான் சரி. வெறும் தோலில் போடவே போடாதீர்கள், நேரம் ஆக ஆகத் தோல் வெந்துவிடும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பி வெஸ்ட் பக்கம் போகாதீர்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் மொத்தமே 10 வாட். பால்கனியில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டுமானால் ஆகும். பைக் வெஸ்ட் 60 வாட் அளவுக்கு இழுக்கும்.

அந்த 60 வாட் உங்கள் வண்டியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த முதல் என்ஃபீல்டு ஹிமாலயனில் கரன்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 220 வாட், தாராளம். சின்ன கம்யூட்டர் வண்டிகளில் அவ்வளவு கிடையாது. 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது, ஹாலஜன் என்றால் 35 முதல் 55 வாட் வரை அங்கேயே போய்விடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) குறைவாக ஏறும்போது சார்ஜும் குறையும். அதனால் ஹேண்டில்பாரில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் மாட்டிவிடச் சொல்வேன். இன்ஜின் ஓடும்போது 13-க்கு மேல் காட்டினால் கவலையில்லை. 12.5-க்குக் கீழே இறங்கினால் வெஸ்ட்டை லோவுக்குக் கொண்டு வாருங்கள்.

60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும். பேட்டரி பிளஸ்ஸுக்குப் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் ஃபியூஸ், சாவியோடு ஆன் ஆஃப் ஆகும்படி ஒரு ரிலே சுவிட்ச். ஹெட்லைட் ஒயரில் டேப் சுற்றி ஒட்டுப்போடுவதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். மலை மேல் ஹெட்லைட் போனால் வெஸ்ட் காப்பாற்றாது.

ஹீட்டட் கிரிப் உள்ளங்கையை மட்டும்தான் சூடாக்கும், காற்று அடிப்பதோ புறங்கையில். கைக்கு முன்னால் காற்றை மறைக்கும் ஹேண்ட் கார்டும் சேர்த்துப் போட்டால் அருமையாக வேலை செய்கிறது, சார்ஜ் போடும் தொல்லையும் இல்லை. வெஸ்ட்டுக்கு அடுத்து என் ஓட்டு இதற்குத்தான். கிளவுஸ் வைத்திருப்பவர்கள் லேவுக்கு விமானத்தில் போனால், கூடுதல் பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் போட அனுமதியில்லை.