ஓவர்ஹால் என்று சொல்லி ரேஸை மட்டும் ஏற்றிக் கொடுத்தார்கள்: கார்பரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் ஓவர்ஹாலைச் செய்யாமலே என்னிடம் முழுக் கூலியும், கேஸ்கட், வால்வு எல்லாம் அடங்கிய கிட்டைப் போடாமலே முழு விலையும் வாங்கிக்கொண்டார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். "பிரேக் கட்டியா இருக்கு, அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கு" என்று நான் வாய்விட்டுச் சொல்லியும் அதைக் காதில் வாங்காமல் வண்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

நாலு சிலிண்டர் இஞ்சின். காலையில் சோக் (குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலான கலவை தருவது) இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் தெரியாது. சூடேறி, சோக்கைத் தள்ளியதும் நடுக்கம் தொடங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் கையில் அதிரும், கியர் கம்பி தானாக ஆடும், சில நேரம் பட்டென்று ஆஃப் ஆகிவிடும். ஆனால் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இழுவை நன்றாகவே இருந்தது. நின்றால் நடுக்கம், ஓடினால் சரி. விடை முழுவதும் இந்த ஒரு அறிகுறியிலேயே இருந்தது, அப்போது எனக்குத் தெரியவில்லை.

மெக்கானிக் பானட்டைத் திறந்தார், இரண்டு தடவை ரேஸ் கொடுத்துக் கேட்டார். "கார்பரேட்டர் போச்சு சார், கிட் போட்டு ஓவர்ஹால் பண்ணணும்" என்றார். பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் பார்க்கவில்லை. ஒரு ரப்பர் குழாயைக்கூடக் கையால் தொடவில்லை. பழைய வண்டிதானே, கார்பரேட்டரில் அடைப்பு இருக்கும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அப்போதே பிரேக் விஷயத்தையும் சொன்னேன். "ஷூ தேய்ஞ்சிருக்கும் சார், அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. கார்பரேட்டர் வெளியே பளபளவென்று இருந்தது. நடுக்கம் குறைந்திருந்தது. நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டி வந்து சாவியைத் திருப்பினால், இஞ்சின் உடனே நிற்கவில்லை. சாவியை அணைத்த பிறகும் நாலைந்து தடவை திணறி உதறிவிட்டுத்தான் நின்றது. அடுத்த வாரமே பெட்ரோல் வாடை. பெட்ரோலும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. திரும்பக் கொண்டுபோனபோது "புது கிட் சார், செட் ஆக கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள். இதை யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கேஸ்கட்டும் ஊசி வால்வும் ஓடி ஓடிச் செட் ஆகிற பொருள்கள் இல்லை. போட்ட அன்றைக்கே சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தவறாகப் போட்டிருக்கிறது.

கடைசியில், இஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஒரு ஆர்.பி.எம். மீட்டரை இரவல் வாங்கி மாட்டினேன். முள் 1300-ஐத் தாண்டி நின்றது. இந்த மாதிரி இஞ்சினில் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் சுற்றும் வேகம், 800, 850 பக்கம் இருக்க வேண்டும். அதாவது அந்த வேகத்தை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகி ரேஸை ஏற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேகமாகச் சுற்றுவதால் நடுக்கம் வெளியே தெரியவில்லை. அணைத்த பிறகும் இஞ்சின் உதறியதற்கு அதுவே காரணம்.

அடுத்து, ஐடிலிங்குக்குப் போகும் கலவையின் அளவை மாற்றும் மிக்சர் ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகிப் பார்த்தேன். ஐடிலிங் வழி ஒழுங்காக வேலை செய்தால், அதை முழுவதும் மூடும்போது இஞ்சின் திணறி அணைய வேண்டும். என் வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. காரணம் இது: ஐடிலிங்கில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியே இருக்கும், அதன் ஓரத்தை ஒட்டிச் சில சிறு துளைகள் இருக்கும். தகட்டை அளவுக்கு மேல் திறந்து வைத்தால் அந்தத் துளைகள் வழியாகவே பெட்ரோல் வந்துவிடும், மிக்சர் ஸ்குரூவுக்கு வேலையே இருக்காது. ரேஸ் ஏற்றி ஏமாற்றியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, கையில் ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் இருந்தால் போதும்.

ரேஸைப் பழையபடி இறக்கினேன். நடுக்கம் அப்படியே திரும்பி வந்தது. சரி, ஏர் லீக் இருக்கிறதா பார்ப்போம் என்று மேனிஃபோல்டிலிருந்து (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வழி) கிளம்பும் ஒவ்வொரு ரப்பர் குழாயாகப் பிளையரால், துணி சுற்றி, மெல்ல நெரித்துப் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் ஒன்றும் இல்லை. பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மேனிஃபோல்டை ஒட்டி நெரித்தேன். அந்த நொடியே இஞ்சின் அமைதியானது. அவ்வளவு நாள் உதறிக்கொண்டிருந்த பானட் கம்பி அசையாமல் நின்றது. கையை எடுத்தேன், மறுபடியும் நடுக்கம்.

குழாயைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், கிளாம்ப்புக்குக் கொஞ்சம் தள்ளி, அடிப்பக்கத்தில், விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் குழாய் புதிது போலத்தான் தெரிந்தது. அந்த வெடிப்பு வழியாகக் கணக்கில் இல்லாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐடிலிங்கில் இஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று கலவையைக் கெடுத்துவிடும். ஓட்டத்தில் திராட்டில் வழியாக ஏராளமாகக் காற்று வருவதால் அது ஒரு பொருட்டே இல்லை. நின்றால் நடுக்கம், ஓடினால் சரி என்பதற்கு அர்த்தம் இதுதான். பிரேக் கட்டியாக இருந்ததற்கும் இதே வெடிப்புதான் காரணம், பூஸ்டருக்குப் போக வேண்டிய வேக்குவம் (இஞ்சின் காற்றை உறிஞ்சும் விசை) வழியிலேயே ஒழுகிவிட்டது. நான் சொன்ன இரண்டு புகாரையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால், தொழில் தெரிந்த எவரும் நேராக அந்தக் குழாய்க்குத்தான் போயிருப்பார்கள்.

பூஸ்டரைச் சோதிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கட்டியாகிவிடும். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

குழாயை மாற்றிய பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. காசு வாங்கிய ஓவர்ஹாலாவது நடந்ததா? கார்பரேட்டரைக் கழற்றினேன். மேல்மூடியின் திருகுத் தலைகள் புதிதாகச் சிதைந்திருந்தன, யாரோ திறந்தது உண்மை. உள்ளே பழைய கேஸ்கட், அதுவும் ஒரு மூலையில் கிழிந்தது. கிழிசலை மறைக்கச் சிவப்பு சிலிக்கான் பசையைச் சுற்றிலும் தடவியிருந்தார்கள். பெட்ரோலில் அந்தப் பசை ஊறி, உப்பி, பிய்ந்துவிடும். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில், பழைய பெட்ரோல் படிந்த பழுப்புக் கறையின் மேல், மண்புழு போல ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது. அது பெட்ரோல் போகும் நுண்துளையான ஜெட்டுக்குள் போயிருந்தால் வண்டி நடுவழியில் நின்றிருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் பம்பின் டயாஃபிரம் (மெல்லிய சவ்வு) விறைத்துத் தகரம் போல இருந்தது. மிக்சர் ஸ்குரூவின் கூர்முனையில் வட்டமாக ஒரு பள்ளம், யாரோ முழுப் பலத்தோடு இறுக்கியதன் தடம். அந்த ஸ்குரூவை விரலால் மெல்லத் திருகி மூடி, முனை உள்ளே தான் பொருந்தும் இடத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று, இரண்டு சுற்று திறந்து வைத்துக்கொண்டு டியூனிங் தொடங்குவது வழக்கம்.

ஐடில் ஜெட்டில்தான் எனக்கு மனம் விட்டுப்போனது. அதில் 45 என்று பொறித்திருக்கும், துளை 0.45 மில்லிமீட்டர். பித்தளை மிருதுவான உலோகம். அதில் இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தால் வாயில் கீறல் தெரிந்தது. துளை 0.50 ஆகிவிட்டால்கூடப் பரப்பளவில் 23 சதவீதம் கூடுதல், பெட்ரோலும் அதற்கேற்ப அதிகமாகப் போகும். ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றழுத்தத்தால் ஊதுவதுதான் முறை. கம்பியை எடுக்கிற மெக்கானிக்கைப் பார்த்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

கிட்டும் புது ஜெட்டும் நானே வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். கழற்றும் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டுத்தான் உடலைக் கிளீனரில் போட வேண்டும். பம்ப் வழியில் ஒரு குட்டி இரும்புக் குண்டு இருக்கிறது, கவிழ்த்தால் சத்தமில்லாமல் உருண்டு ஓடிவிடும், தட்டின் மேல் வைத்தே திறங்கள். ஃப்ளோட் என்ற மிதவையில் ஓட்டை இருக்கிறதா என்று காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் சலசலக்கவில்லை. என் கிட்டில் ஒரே இடத்துக்கு மூன்று விதக் கேஸ்கட் இருந்தது, ஒவ்வொன்றையும் கார்பரேட்டர் மேல் வைத்து, எல்லாத் துளையும் திறந்திருக்கிறதா என்று பார்த்தே எடுத்தேன். தவறானதைப் போட்டால் ஒரு வழியே அடைபட்டுவிடும். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்து, எங்காவது பெட்ரோல் கசிகிறதா என்று சுற்றிலும் பார்த்த பிறகுதான் பானட்டை மூடினேன்.

வெடித்த குழாயையும், கிழிந்த கேஸ்கட்டையும், அந்தச் சிவப்புத் துண்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "இது புது கிட்டா அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பையன் போட்டிருப்பான் சார், வண்டியைக் கொண்டாங்க, ஃப்ரீயா செஞ்சு தர்றேன்" என்றார். கிட்டின் காலிக் கவரையாவது காட்டுங்கள் என்றேன். பதில் இல்லை. பணமும் வரவில்லை. கழற்றிய பழைய பாகங்களை அன்றைக்கே கேட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இனி எந்தப் பட்டறையில் விட்டாலும், வேலையைத் தொடங்கும் முன்பே "பழைய சாமானெல்லாம் எனக்கு வேணும்" என்று சொல்லிவிடுகிறேன்.

வண்டி இப்போது 820-ல் நிற்கிறது, சாவியைத் திருப்பினால் அந்த நொடியே அடங்குகிறது. குழாயை மாற்றிய அன்று முதல் தடவை பெடலை மிதித்தபோது, பழைய பழக்கத்தில் பலமாக மிதித்துவிட்டேன். வண்டி குலுங்கி நின்றது. பிரேக் இவ்வளவு லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஒரு மாதம் முழுவதும்.