பழைய எலெக்ட்ரிக் கிட்டார்: விலையை யாரிடம் கேட்பது?

வீட்டில் 60களிலோ 70களிலோ வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கிடந்தால், அதன் பெறுமதியை அறியக் கொழும்பில் நாலு வழி இருக்கிறது. உள்ளூர்க் கடையில் கேட்டு, இக்மன் விளம்பரத் தளத்தில் போட்டிருக்கும் விலைகளையும் பார்ப்பது ஒன்று. அமெரிக்காவின் வின்டேஜ் கிட்டார் இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் விலைக் கையேட்டைப் புரட்டுவது இரண்டாவது. வெளிநாட்டு மதிப்பீட்டாளர் ஒருவருக்குப் பணம் கட்டி எழுத்தில் வாங்குவது மூன்றாவது. கிட்டாரைத் திறந்து பார்த்துவிட்டு, ரிவேர்ப், ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்த விலைகளோடு நாமே ஒப்பிடுவது நாலாவது. நான் தெரிந்தெடுத்தது நாலாவதை. மற்ற மூன்றுக்கும் பயன் உண்டுதான், ஆனால் மூன்றுமே உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்த பிறகுதான் உருப்படியான விடை தரும்.

உள்ளூர் விலையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இக்மனில் இருப்பது கேட்கும் விலை. விற்ற விலை எங்கும் பதிவாவதில்லை. கடைக்காரர் சொல்வது அவர் கொடுக்கும் விலை. மறுபடி விற்க வேண்டியவர் என்பதால் சந்தை விலையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரைதான் சொல்வார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, வியாபாரம் அப்படித்தான். 1970 முதல் 77 வரை இறக்குமதி இறுகியிருந்ததால் அக்காலத்து அமெரிக்கக் கிட்டார்கள் இங்கே குறைவு. பக்கத்தில் வைத்து ஒப்பிட அவருக்கும் இன்னொன்று கிடைக்காது. இன்னொரு சிக்கல் ரூபாய். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. அதற்கு முன் யாரோ சொன்ன ‘நாலு லட்சம்’ இன்று எதற்கும் உதவாது. கணக்கு முழுவதையும் டொலரில் போட்டு, கடைசியில் ரூபாயாக்குங்கள். நாளைக்கே காசு தேவைப்படுபவருக்கு மட்டும் கடைக்காரரின் விலையே உண்மையான விலை.

கையேடு நல்ல கருவி. ஆண்டு, மாதிரி, நிறம் என்று பிரித்து, கீழ் விலை மேல் விலை இரண்டையும் தருகிறது. ஆனால் அந்த விலைகள் எல்லாம், பாகம் எதுவும் மாறாத, நல்ல நிலையில் உள்ள கிட்டாருக்கானவை. நம் கையில் இருப்பது அதுதானா என்பதற்குக் கையேட்டில் விடை கிடையாது.

எழுத்து மதிப்பீடு காப்புறுதிக்கும் சொத்துப் பிரிப்புக்கும் வேண்டும். நாஷ்வில்லில் 1970 முதல் இயங்கும் க்ரூன் கிட்டார்ஸ் போன்ற இடங்கள் இதைச் செய்கின்றன. கொழும்பிலிருந்து படம் அனுப்பித்தான் கேட்க முடியும் என்பதால், வெளிப்புறப் படம் மட்டும் அனுப்பினால் வெளிப்புற விலைதான் வரும்.

ஆகவே எந்த வழியில் போனாலும் ஒரு கேள்வியில் வந்து முட்டுகிறோம்: இதில் எவ்வளவு ஒரிஜினல்? விலையை இரண்டு மடங்காக்குவதும் பாதியாக்குவதும் இதுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கல்கிசை என்று கடலோரமாக இருந்த கிட்டார்களில் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் பொட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழுள்ள மின்பாகம்) கரகரக்கத் தொடங்கும். திருத்துபவர் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவார். கிட்டார் நன்றாக வேலை செய்யும், விலை மட்டும் இறங்கியிருக்கும்.

திறப்பதற்கு முன் துடைக்க வேண்டாம். பிராசோ, பொலிஷ், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கம்பிகளை முழுதாகத் தளர்த்திக் கழற்றுங்கள். ஃபென்டர் கம்பனியின் ஸ்ட்ராடோகாஸ்டர் (ஸ்ட்ராட்) என்றால் முன் பிளாஸ்டிக் தகட்டில் 1959க்குப் பிறகு 11 ஸ்குரூ. தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் ஸ்குரூட்ரைவர் வேண்டும்; தளர்வாக இருந்தால் துருப்பிடித்த தலை வழுக்கி, பள்ளம் மழுங்கிவிடும். அசையாத ஸ்குரூவின் தலையில் சோல்டரிங் அயனின் நுனியை அரை நிமிடம் வைத்தெடுத்தால் சூட்டில் பிடி விடும். எண்ணெய் விட்டால் மரம் குடித்துவிடும். கழற்றிய ஸ்குரூக்களை ஓர் அட்டையில், இருந்த இடத்தின் ஒழுங்கிலேயே குத்தி வையுங்கள். தகட்டை வெடுக்கென்று இழுக்கக் கூடாது: ஜாக்குக்கும் பின்பக்க ஸ்பிரிங் தகட்டுக்கும் வயர் போகிறது. மெதுவாகப் புரட்டித் துவாயின் மேல் கவிழ்க்க வேண்டும்.

இப்போது பொட்டின் முதுகையோ பக்கவாட்டையோ பாருங்கள். 1377633 என்று இருந்தால் 137 என்பது பொட்டைச் செய்த சிடிஎஸ் கம்பனி, 76 ஆண்டு, 33 வாரம்: 1976 ஓகஸ்ட் நடுப்பகுதி. 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ரலாப். இந்த எண் சொல்வது ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதை மட்டுமே; செய்த தேதியை இது சொல்வதில்லை. 1966இல் ஃபென்டர் பொட்டுகளை வாங்கிக் குவித்ததால் 69ஆம் ஆண்டுக் கிட்டாரிலும் 66ஆம் ஆண்டுப் பொட் இருப்பது சாதாரணம். மறுபுறம், 1972 என்று விற்கப்படும் கிட்டாரில் 1976 பொட் இருந்தால் ஒன்று பொட் மாறியிருக்கிறது, அல்லது ஆண்டு பொய். எது என்பதைச் சோல்டரே காட்டிக்கொடுக்கும். தொழிற்சாலைச் சோல்டர் மங்கிச் சாம்பல் படிந்திருக்கும். பளபளக்கும் உருண்டை, உருகிய வயர் உறை, பழைய துணி வயரோடு ஒட்டுப்போட்ட பிளாஸ்டிக் வயர், 24 மில்லிமீட்டர் பொட் இருக்க வேண்டிய இடத்தில் 16 மில்லிமீட்டர் சின்னப் பொட் எல்லாம் பிறகு கைபட்டதன் அடையாளம்.

ஃபென்டரின் கழுத்தைக் கழற்றுவது கடைசி வேலை. நாலு போல்ட், 1971க்குப் பின் 70களின் ஸ்ட்ராட்டில் மூன்று. அடிப்பாகத்தில் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். ‘13 நவ 65 பி’ என்பதைப் பலர் நவம்பர் 13 என்று வாசிக்கிறார்கள். முன்னால் உள்ள 13 மாதிரியின் குறி. பி என்பது நட்டின் (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் அமரும் துண்டு) அகலம். இடையில் மெல்லிய காகிதத் துண்டு இருந்தால் அதையும் பத்திரப்படுத்தி, அதே இடத்தில் திரும்ப வையுங்கள். வெறும் தொடர் எண்ணை நம்ப வேண்டாம்: 1976 வரை அது இருந்தது கழுத்துத் தகட்டில், தகட்டை எவரும் மாற்றிவிடலாம்.

இன்னொரு அமெரிக்கக் கம்பனியான கிப்சனில் 1977க்குப் பிறகு தொடர் எண் எட்டு இலக்கம். 82765501 என்றால் முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து 85, இடையில் 276ஆவது நாள், அதாவது 1985 ஒக்டோபர் 3. கடைசி மூன்று 500க்கு மேல் என்பதால் நாஷ்வில் தொழிற்சாலை. 60களின் எண்கள் வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்தவை. அங்கே பொட்டும், கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்அப்பும்தான் சாட்சி. உடலில் எஃப் வடிவத் துளை உள்ள கிட்டாரில் பொட்டை வெளியே இழுக்க முயலாமல், துளைக்குள் சிறு கண்ணாடியும் டோர்ச்சும் வைத்து வாசியுங்கள்.

கிப்சனில் முதலில் தேட வேண்டியது தலை முறிவை. நட்டுக்குக் கீழே, கழுத்து வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பிக்காகக் குடைந்த இடம் மெலிந்திருக்கும். தலை பின்னோக்கிச் சாய்ந்தும் இருப்பதால், மல்லாக்க விழுந்தால் அங்கேதான் முறியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மயிரிழைக் கோட்டைத் தேடுங்கள். நோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச் இருந்தால் இருட்டறையில் அடித்துப் பாருங்கள்: பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும், பிறகு பூசிய இடம் கருந்திட்டாகத் தெரியும். ஒட்டிய தலைக்கும், முழுதாக மறுபடி பெயின்ட் அடித்த உடலுக்கும் சந்தையில் வழங்கும் கணக்கு ஏறத்தாழப் பாதி விலை. புதிய ஃபிரெட் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), பொட் எல்லாம் சிறு கழிவு. பெரிய பிக்அப் போடுவதற்காக மரத்தைக் குடைந்திருந்தால் கழிவு பெரியது. நிரப்பினாலும் அது பழைய நிலைக்கு வராது. பழைய பாகங்கள் பெட்டிப் பைக்குள் கிடக்கிறதா என்று ஒரு தடவை தேடுங்கள், ஒரு ஜோடி பழைய பிக்அப்பே பெரிய தொகை.

இதெல்லாம் தெரிந்த பின் விற்ற விலைகளைப் பார்ப்பது எளிது. விற்றவை மட்டும் என்று வடிகட்டி, அதே ஆண்டு, அதே நிறம், அதே குறைகள் உள்ளதாக ஐந்தாறைப் பிடியுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிடுங்கள். ஈபேயில் விலை குறுக்கே கோடிட்டு, பேரம் ஏற்கப்பட்டது என்று இருந்தால் உண்மையில் கைமாறியது அதைவிடக் குறைவு. பிறகு தளக் கட்டணம், அனுப்பும் செலவு, காப்புறுதி மூன்றையும் கழிக்க வேண்டும். 60களின் நடுப்பகுதி வரையான ஃபென்டர், கிப்சன் பலவற்றில் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். அது 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அந்தத் தாள் வேலைக்குப் பயந்து உள்ளூரில் விற்பவருக்கு வெளிநாட்டு விலை கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இந்த வழி தளர்வது ஜப்பானின் டெஸ்கோ, குயாடோன், ஜெர்மனியின் ஃப்ராமுஸ், சில ஹொஃப்னர்களில். பழைய வீடுகளிலிருந்து இவையும் வெளிவருவதுண்டு. குறிப்பிட்ட மாதிரிக்கு விற்பனைப் பதிவு இரண்டோ மூன்றோதான் கிடைக்கும், அதை வைத்துச் சொல்வது ஊகம். 1982இல் தொடங்கிய ஃபென்டர் ஜப்பானின், ஜேவி என்று தொடர் எண் தொடங்கும் கிட்டார்களுக்கு அந்தக் கவலை இல்லை, பதிவு நிறைய உண்டு. அரிதானதற்குப் பணம் கட்டி மதிப்பீடு வாங்குவதே மேல். ஆனால் பல டெஸ்கோக்கள் சில நூறு டொலரைத் தாண்டுவதில்லை, ஆகவே கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும்போது தலையின் முன்பின், கழுத்தின் அடி, பொட் எண்கள், பிக்அப்பின் அடிப்பக்கம், சோல்டர், ஒவ்வொரு காயத்தின் கிட்டப் படம் எல்லாவற்றையும் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.