டர்பன் வெயிலும் ஒரு பழைய ஃபிரிட்ஜும்: வீட்டு பீர் அனுபவம்

வீட்டில் பீர் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் முதலில் பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன்வாசிகளுக்கு நான் சொல்வது வேறு: பாத்திரம் எதுவானாலும் போகட்டும், பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எங்கள் ஊர்க் கோடையில் கராஜுக்குள் 30 டிகிரி சர்வசாதாரணம். ஏல் வகை பீரை நொதிக்கவைக்கும் வழக்கமான ஈஸ்ட் கேட்பதோ 18 முதல் 22 டிகிரி. அதை மீறினால் பீரில் வாழைப்பழ வாடையும் தொண்டையைச் சுடும் காட்டமும் ஏறிவிடும். போதாக்குறைக்கு நொதித்தலே சூடு கிளப்பும். பீர் நொதிக்கும் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடத்தான் இருக்கும்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கராஜின் ஒரு மூலையில், பொழுதுபோக்காக மற்ற வானொலிக்காரர்களோடு பேசும் என் அமெச்சூர் வானொலி நிலையம், மறுமூலையில் இந்த ஃபிரிட்ஜ். அதன் மின் இணைப்பில் மலிவான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். சூடு வரம்பைத் தாண்டினால் அதிலுள்ள ரிலே என்ற மின்சுவிட்ச் கம்பிரஸரை ஓட்டும், குறைந்தால் நிறுத்தும். உணரியை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஸ்பாஞ்ச் வைத்து மூட வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் கம்பிரஸர் அடிக்கடி ஓடி நிற்கும். பீரின் நிலவரம் தெரியாது.

வானொலிக்காரனுக்கு முதல் சந்தேகம் அளவுமானியின் மேல்தான் வரும். உணரியை ஐஸ் கரையும் தண்ணீரில் அமிழ்த்தி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தபிறகே நம்பினேன். பீரின் அடர்த்தியை அளக்கும் மிதவையான ஹைட்ரோமீட்டரும் அப்படித்தான். 20 டிகிரிக்கென்று அளவிடப்பட்டதை 30 டிகிரி பீரில் மிதக்கவிட்டால் சுமார் 0.002 குறைத்துக் காட்டும். நொதிக்கும் முன் அடர்த்தி 1.048-இல் தொடங்கி, நொதித்தபின் 1.010-இல் முடிந்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். இரண்டு மூன்று நாள் அளவு மாறாமல் நின்றால்தான் பாட்டிலில் அடைப்பேன். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

இரண்டு பொழுதுபோக்குகளும் ஒரே கூரைக்குக் கீழே மோதிக்கொண்டதும் உண்டு. 40 மீட்டர் அலைவரிசையில் நான் பேசத் தொடங்கினால் கருவியின் திரையில் 19 டிகிரி சட்டென்று 27-க்குத் தாவும், கம்பிரஸர் உறுமும். உணரியின் நீண்ட ஒயர் ஆன்டெனாவாகி என் அலையை வாங்கிக்கொண்டிருந்தது. வானொலி அலையைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் அந்த ஒயரைப் பல சுற்று சுற்றி, உள்ளீட்டின் குறுக்கே சிறிய கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்ததும் அடங்கிற்று. பிறகு எதிர்த்திசைத் தொல்லை: கருவியின் அடாப்டர் என் ரிசீவரில் இரைந்தது. அதற்கும் ஒரு வளையம்.

2023-இன் மின்வெட்டுகளை இந்த ஏற்பாடு நன்றாகவே தாங்கியது. மூடிய ஃபிரிட்ஜுக்குள் 20 லிட்டர் பீர் இரண்டு மணி நேரத்தில் பெரிதாகச் சூடேறிவிடாது. மின்சாரம் திரும்பியவுடன் கம்பிரஸர் பாய்ந்து ஓடாமல் சில நிமிடம் தாமதிக்கும் வசதி கருவியில் இருப்பது மட்டும் அவசியம். (தெருவே இருண்ட அந்த இரவுகளில் அடாப்டர்களின் இரைச்சல் ஓய்ந்து, பேட்டரியில் ஓடிய என் ரிசீவர் அத்தனை தெளிவாகக் கேட்டது. மின்வெட்டை வாழ்த்தியவர்கள் நாங்கள் மட்டும்தான் போலும்.)

நாளடைவில் தேய்ந்தது ரிலே. கம்பிரஸர் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு; அந்த அடியில் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன. குளிர்வது நிற்கவில்லை, ஈஸ்ட் உறங்கிப்போயிற்று. கனமான ரிலேவை வெளியே தனியாக வைத்தபின் சிக்கல் இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் கதவு ரப்பரில் பூஞ்சை படிவது மட்டும் தீராத வழக்கு. வினிகரால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் நோண்டும் கைக்கு இங்கே கடிவாளம் வேண்டும். வானொலியில் திருகைத் திருப்பினால் பலன் அந்த நொடியே காதில் விழும். பீர் பதில் சொல்ல வாரக்கணக்காகும். என் மச்சானும் வானொலிக்காரர்தான். வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக்கில் குமிழி குறைந்தாலே மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு திறப்பிலும் ஆக்ஸிஜனும் கிருமியும் உள்ளே போகும். அவர் பீர் ஏன் புளிக்கிறது என்று அவர் என்னைக் கேட்கிறார்! ஒரு காய்ச்சலில் ஒன்றை மட்டும் மாற்றி, அதை லாக் புத்தகத்தில் எழுதி வைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் இறைச்சியும் இல்லை, மதுவும் இல்லை. அதனால் அந்த மாதம் பிறப்பதற்குள் பாட்டிலில் அடைத்துவிடுகிறேன். அம்மாவுக்கும் புகார் இல்லை, பீரும் நிதானமாகப் பதப்படுகிறது.

இத்தனை ஒயரும் ரிலேவும் வேண்டாம் என்பவர்கள் நார்வேப் பண்ணை வீடுகளிலிருந்து வந்த க்வைக் ஈஸ்ட்டை வாங்கலாம். அது 35 டிகிரியிலும் சுகமாக நொதிக்கும். குளிரில் நொதிக்கும் தெளிவான லாகர் வகை பீர் மட்டும் கிடைக்காது, அதற்கு ஃபிரிட்ஜ்தான்.