பழைய 8×42ஆ, புதிய 10×42ஆ, ஸ்கோப்பா? சிங்கப்பூரில் பறவை பார்ப்பவருக்கு ஓர் அலசல்

வேட்டைக்குப் பேர்போன நாடுகளில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டு, அதன்மேல் எந்தத் தொலைநோக்கியைப் பொருத்துவது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். சிங்கப்பூரில் அந்த வாதத்தின் முதல் பாதிக்கே வழியில்லை; சட்டம் அவ்வளவு கடுமை. ஒருகாலத்தில் சுடுதளத்துக்கு இட்டுச்சென்ற ரைஃபிள் ரேஞ்ச் சாலையை ஒட்டி, 2022 நவம்பரில் ஓர் இயற்கைப் பூங்காவே திறந்துவிட்டார்கள். இன்று அங்கே குறிபார்ப்பவர்கள் எல்லாம் கழுத்தில் பைனாகுலர் மாட்டியவர்கள். இரண்டாம் பாதி வாதம் மட்டும் அதே சூட்டோடு நடக்கிறது.

ஆயிரம் வெள்ளி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழிகள்: வேறொருவர் பயன்படுத்திய, உயர்தரமான 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்), கடையிலிருந்து பெட்டி பிரிக்காத 10×42, அல்லது முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கியான பழைய ஸ்பாட்டிங் ஸ்கோப். என் கட்சி முதலாவது. காரணங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் கட்சி மாறிக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் பெரும்பாலோர் பத்து மடங்கு என்றால் எட்டைவிட உயர்ந்தது என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். நிக்கான் மோனார்க் எம்7 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 8×42இல் ஆயிரம் மீட்டர் தொலைவில் 145 மீட்டர் அகலம் தெரியும். 10×42இல் 121 மீட்டர்தான். வின்ட்சர் பூங்காவின் அடர்ந்த கிளைகளுக்குள் ஒரு தேன்சிட்டு தாவித் தாவிப் போகும்போது அந்த 24 மீட்டர் வித்தியாசத்தில்தான் பறவை கிடைப்பதும் தொலைவதும் இருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்து, மீண்டும் கருவியைக் கண்ணில் வைத்து, 'எங்கே போனது' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் நேரம் முழுவதும் குறுகிய காட்சிக்கு நாம் கட்டும் வரி.

வெளிச்சக் கணக்கு இன்னும் எளிது. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர்; 10ஆல் வகுத்தால் 4.2. நல்ல வெயிலில் நம் கண்மணி சுருங்கியே இருப்பதால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியை ஒட்டி. காட்டுத்தரையில் ஆறுமணிக்குருவியின் இனமான பிட்டா இலைச்சருகைக் கிளறும் நேரத்தில் மேலே கூரை போட்டதுபோல் இருட்டாக இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் அப்போது தன் வேலையைக் காட்டும். கைநடுக்கத்தையும் பத்து மடங்கு கருவி பத்து மடங்காகவே காட்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பத்து மடங்கு வீண் என்று சொல்லவில்லை. அக்டோபர், நவம்பரில் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நின்று, வடக்கிலிருந்து வலசை வரும் தேன் பருந்துகளைத் திறந்த வானத்தில் தேடுபவருக்கு அது நல்ல துணை. பறவை மெல்ல வட்டமிடும், வெளிச்சம் தாராளம், சாய்ந்துகொள்ளக் கைப்பிடியும் உண்டு. உங்கள் சனிக்கிழமைகள் பெரும்பாலும் பாலத்தில் கழிகின்றன என்றால் இரண்டாவது வழியையே எடுங்கள்.

அடுத்தது, பழையதா புதியதா. இந்த ஊரில் இதற்கு விடை சொல்வது பணப்பை அன்று, ஈரப்பதம். ஆண்டுச் சராசரியே எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் காற்றில், அலமாரியில் சும்மா கிடக்கும் பைனாகுலருக்குள் பூஞ்சை குடியேறும். அது வெறும் அழுக்கு அன்று; அதிலிருந்து சுரக்கும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. அதனால் தாத்தா காலத்துப் பைனாகுலர் நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று மகிழ்பவரிடம் நான் முதலில் கேட்பது, அது நைட்ரஜன் நிரப்பி நீர்புகாமல் மூடப்பட்டதா என்பதைத்தான். இல்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி வயது. நேர்க்குழாய் வடிவப் பைனாகுலர்களின் பட்டகத்தில் ஒளி அலைகள் சற்றே பிசகி, படத்தின் கூர்மை மங்கும். இதைச் சரிசெய்யும் மேற்பூச்சை ஸைஸ் நிறுவனம் கொண்டுவந்தது 1988இல். மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. அதற்கு முந்தைய நேர்க்குழாய்க் கருவி எவ்வளவு பெரிய பெயர் தாங்கியிருந்தாலும், இன்றைய நடுத்தர விலைக் கருவியிடம் தோற்கும். ஸ்வரோவ்ஸ்கியின் இஎல் வரிசை 1999இல் வந்தது. அந்தத் தலைமுறையிலிருந்து இந்தப் பக்கம் தேடினால் பணம் வீணாகாது. அதே நிறுவனத்தின் இன்றைய உச்சக் கருவிகள் புதிதாக மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய சந்தைக்கு ஆள் சேர்ப்பது அந்த விலைதான்.

விற்பவரை எம்ஆர்டி நிலையத்தில் சந்திப்பதுதான் நம் வழக்கம். சந்தியுங்கள், ஆனால் நிலையத்துக்கு வெளியே வாருங்கள். கைப்பேசி விளக்கை முன்லென்ஸ் வழியாக அடித்து, கண்பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகள் பூஞ்சை. பால் போன்ற படலம் உள்ளே ஈரம் புகுந்ததற்கு அடையாளம். இரண்டு மூன்று தூசிகள் இருந்தால் பரவாயில்லை. பிறகு எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைபாதைச் சுவர்க் கோட்டைப் பாருங்கள். கருவியைக் கண்ணிலிருந்து மெதுவாக ஒரு சாண் விலக்கும்போது இடக்குழாயிலும் வலக்குழாயிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் எங்கோ விழுந்து எழுந்த கருவி அது. அரைமணி நேரத்தில் தலைவலி தரும். சரிசெய்யும் செலவு பேரத்தில் மிச்சப்படுத்தியதைத் தின்றுவிடும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே சோதிக்க வேண்டும்: கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே குறைந்தது 16 மில்லிமீட்டர் வசதி இல்லாவிட்டால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.

குளிர்சாதன ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸ் வெளியே பனித்தால் பதறாதீர்கள். சில நிமிடங்களில் தெளியும். உள்ளே பனித்தால்தான் சிக்கல்.

இனி ஸ்கோப். சுங்கை பூலோ ஈரநிலத்தின் மறைவிடத்தில் உட்கார்ந்து, செப்டம்பர் முதல் மார்ச் வரை சேற்றுமேட்டில் இரைதேடும் கரைப்பறவைகளைப் பார்ப்பவருக்கு பைனாகுலர் பாதிக் கதைதான் சொல்லும். பவளக்காலியையும் பச்சைக்காலியையும் பைனாகுலரே பிரித்துக் காட்டும். ஆனால் ஒரு பறவையின் காலில் கட்டியிருக்கும் வண்ணக் கொடியின் எழுத்தைப் படித்து, அது எந்த நாட்டில் வளையமிடப்பட்டது என்று கண்டுபிடிக்க முப்பது மடங்காவது வேண்டும். அந்த ஒரு இன்பத்துக்காகவே ஸ்கோப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பழைய ஸ்கோப் விளம்பரங்களில் '20–60' என்ற எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அறுபதை மறந்துவிடுங்கள். 65 மில்லிமீட்டர் லென்ஸில் அறுபது மடங்குக்கு ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். காலை பத்து மணிக்குமேல் சேற்றுநிலத்தில் கானல் நெளிய ஆரம்பித்தால் பறவையும் சேர்ந்து நெளியும். சாய்ந்த கண்குழாய் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்: உயரம் வேறான குடும்பத்தினர் முக்காலியை ஏற்றி இறக்காமல் மாறி மாறிப் பார்க்கலாம். 'உடல் மட்டும் விற்பனைக்கு' என்று மலிவாக வந்தால் எச்சரிக்கை. ஒரு நிறுவனத்தின் கண்வில்லை பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது. தனியே வாங்கப் போனால் அதன் விலை கண்ணைப் பிதுக்கும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் தன் வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கியைச் சும்மா தருகிறேன் என்றாலும் பறவை பார்க்க அதை நம்பாதீர்கள். துப்பாக்கி பின்னுதைக்கும்போது புருவம் கிழியாமல் இருக்க, கண்ணை ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கும்படி அமைத்தது அது. சாதாரண 3–9×40 வகைகள் பெரும்பாலும் நூறு கஜத் தொலைவுக்கென்று சரிசெய்யப்பட்டவை. பத்து மீட்டரில் இருக்கும் மீன்கொத்தி அதில் தெளிவாக விழாது.

ஆக, ஆயிரம் வெள்ளியும் ஒரே கருவிக்கு என்றால் பழைய 8×42. அதில் ஒரு பகுதியை உலர்பெட்டிக்கு ஒதுக்கி, ஈரப்பதத்தை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே வையுங்கள். ஸ்கோப் அடுத்த ஆண்டு ஊக்கத்தொகைக்குக் காத்திருக்கட்டும். அப்போது வாங்கும்போது முக்காலியையும் சேர்த்தே பேரம் பேசுங்கள். சுங்கை பூலோவில் காற்றடித்தால் இலேசான முக்காலி ஆடும்; நடுக்கம்பத்தின் அடியில் பை தொங்கவிடக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.