எந்த கோர்ட்டுக்கு என்று முதலில் கேட்கும் டைப்பிங் கடை

ஒத்தக்கடையிலிருந்து ஹைகோர்ட்டுக்குப் போகும் வழியில் ஒரு டைப்பிங் கடை இருக்கிறது. பேரை எழுத வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். "இப்பவே காலைல ஒன்பது மணிக்கு நிக்க இடமில்ல. நீங்க வேற எழுதி இன்னும் நாலு பேரு வந்தாய்ங்கன்னா ஷட்டரத்தான் இழுத்து விடணும்" என்கிறார். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: வாசலில் நின்றால் யானைமலை முழுசாகத் தெரியும். உள்ளே மூன்று கம்ப்யூட்டர், இரண்டு ஜெராக்ஸ் மெஷின். அதில் ஒன்று நான் பார்த்த நாளிலிருந்து ரிப்பேர்.

நான் மேலூர்க்காரி, வக்கீல். பதினோரு வருஷமாக மேலூர் முன்சீப் கோர்ட், மதுரை ஜில்லா கோர்ட், ஹைகோர்ட் பெஞ்ச் என்று ஒரே ரோட்டில் மூன்று கோர்ட்டுக்கும் போய்வருகிறேன். டைப்பிங் கடை எங்கேயும் கிடைக்கும். இந்தக் கடைக்கு மட்டும் நான் மெனக்கெட்டுப் போகக் காரணம், பேப்பரைக் கையில் வாங்கியதும் அண்ணன் கேட்கும் முதல் கேள்வி. எத்தனை காப்பி, எப்போது வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான். "எந்த கோர்ட்டுக்குங்கம்மா?"

இதில் என்ன இருக்கிறது என்று முதல் தடவை எனக்கும் தோன்றியது. ஒரு ரூலிங் (முன்னுதாரணமாகக் காட்டும் பழைய தீர்ப்பு) எங்கே போனாலும் அதே ரூலிங்தானே? தீர்ப்பு அதேதான். அது எந்தத் தீர்ப்புப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் சைட்டேஷன்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. கேசவானந்த பாரதி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாக்பூரிலிருந்து வரும் ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புப் புத்தகத்தில் அது ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461. லக்னோவிலிருந்து வரும் இன்னொரு தீர்ப்புப் புத்தகமான எஸ்.சி.சி.யில் (1973) 4 எஸ்.சி.சி. 225. சுப்ரீம் கோர்ட்டின் சொந்த வெளியீடான எஸ்.சி.ஆரில் வேறொரு எண். (இங்கே நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். மனுவில் இப்படி எழுதிக் கொண்டுபோனால் அண்ணன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேலூர் கோர்ட்டுக்குத் தமிழில் வாதுரை அடித்தாலும் சைட்டேஷன் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "ஆள் பேரு தமிழ்ல இருக்கலாம்மா, வீட்டு நம்பரை மாத்தக்கூடாது.")

அவர் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அருமை தெரியும். ஒருமுறை எஸ்.சி.சி. சைட்டேஷனுக்கு வருஷத்தைச் சதுர அடைப்புக்குறியில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். லா காலேஜில் படித்த வெள்ளைக்காரப் பழக்கம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பேக்ஸ்பேஸ் அடித்து வளைவு அடைப்புக்குறி போட்டார். ஏன் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

இங்கிலாந்துக்காரர்கள் கணக்கில், வருஷம் தெரியாமல் புத்தகத்தை எடுக்கவே முடியாது என்றால் சதுர அடைப்பு. வால்யூம் நம்பர் ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக ஓடுகிறது, வருஷம் சும்மா தகவலுக்கு என்றால் வளைவு. பாட்டிலுக்குள் நத்தை கிடந்த டோனகியூ வழக்கு, அப்பீல் கேசஸ் என்ற இங்கிலாந்துப் புத்தகத்தில் [1932] ஏ.சி. 562. அந்த 1932 இல்லாவிட்டால் எந்த ஏ.சி. புத்தகத்தைத் திறப்பது? அதே அண்ணன் நம் ஊர் வழக்கு ஒன்றையும் எடுத்துப்போட்டார். மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி, (1868) 12 எம்.ஐ.ஏ. 397. மூர்ஸ் இண்டியன் அப்பீல்ஸ் என்ற வரிசையில் பன்னிரண்டாவது வால்யூம், 397-ஆம் பக்கம். "இதுக்கு வருசமே போடலன்னாலும் புத்தகம் கிடைச்சிரும். அதான் வளைவு."

அந்த வழக்கைத்தான் அப்போது நான் தேடிக்கொண்டிருந்தேன். ராமநாதபுரம் ஜமீன், விதவை ராணி செய்த தத்து செல்லுமா என்பது கேள்வி. அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், தத்து செல்லும் என்று தீர்ப்பாகி, கலெக்டர் தோற்றார். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட மேலோங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. வழக்காறு என்று யார் வாதம் எடுத்தாலும் இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் எஸ்.சி.சி. ஏன் வளைவு? அதிலும் வருஷா வருஷம் வால்யூம் ஒன்றிலிருந்துதானே தொடங்குகிறது? நான் மடக்கிவிட்டதாக நினைத்தேன். "அவுக அப்படித்தான் போடுவாக. நாம அவுக வீட்டுக்குப் போறப்ப அவுக நம்பரத்தான் சொல்லணும்" என்றார். உண்மைதான். இங்கிலாந்து விதியை நம் ஊர்த் தீர்ப்புப் புத்தகங்கள் பலவும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. எம்.எல்.ஜே. ஒரு மாதிரி, சி.டி.சி. ஒரு மாதிரி, லா வீக்லி நடுவில் கோடு போட்டு இன்னொரு மாதிரி. சுப்ரீம் கோர்ட்டின் எஸ்.சி.ஆர். சதுர அடைப்பிலேயே போடுகிறது.

எஸ்.சி.சி.யிலேயே சப்ளிமெண்ட் வால்யூம் வந்தால் அடைப்புக்குறி இடம் மாறிவிடும். மண்டல் கமிஷன் வழக்கு 1992 சப். (3) எஸ்.சி.சி. 217. வருஷம் வெளியே, வால்யூம் உள்ளே. அதே தீர்ப்பு ஏ.ஐ.ஆரில் 1993 எஸ்.சி. 477. தீர்ப்பு வந்தது 1992 நவம்பரில். புத்தகத்தில் ஏறியது அடுத்த வருஷம். இது தெரியாத ஜூனியர் பிள்ளைகள் இரண்டையும் இரண்டு தீர்ப்பு என்று நினைத்து அடுத்தடுத்த வரியில் போட்டுக் கொண்டுவருவதுண்டாம். அண்ணன் ஒன்றை நீக்கிவிட்டு, "ஒரே மாப்பிள்ளைக்கு ரெண்டு பத்திரிகையா?" என்பார்.

இனி என் சொந்தக் கதை. இந்தக் கடையைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் வேறொரு இடத்தில் டைப் செய்துகொண்டிருந்தேன். பட்டா ரத்து சம்பந்தமான ரிட் ஒன்றில், பெஞ்சிலேயே முன்பு வந்த ஒரு உத்தரவை நம்பியிருந்தேன். எந்தப் புத்தகத்திலும் வராத உத்தரவு. வழக்கு எண் மட்டும்தான் அதற்கு முகவரி. மதுரை பெஞ்ச் எண் என்றால் ரிட் மனுவைக் குறிக்கும் டபிள்யூ.பி.க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எம்.டி. என்று இருக்கும். டைப் செய்தவர் அதை விட்டுவிட்டார். நானும் கையெழுத்துப் போடும் அவசரத்தில் கவனிக்கவில்லை. கோர்ட் ஹாலில் நீதிபதி அந்த எண்ணைத் திரையில் தேடினார். வந்தது சென்னையில் போட்ட ஏதோ பணி மூப்பு வழக்கு. "இதில் பட்டா எங்கே இருக்கிறது?" என்றார். கோபமாகக்கூட இல்லை, உண்மையாகவே கேட்டார். அன்று என் காது சூடானது இன்னும் ஆறவில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் தனித்தனியாக எண் ஓடுகிறது, இரண்டெழுத்து போனால் ஊரே மாறிவிடும் என்பது 2004 ஜூலையில் பெஞ்ச் வந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தில்தானே மாட்டுவோம். இந்தக் கடையில் எம்.டி. இல்லாமல் ஒரு ரிட் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், "மெட்ராஸா, மதுரையா?" என்று கேட்காமல் அடுத்த எழுத்துக்குக் கை போகாது.

கோர்ட்டுக்குக் கோர்ட் என்ன மாறும் என்றால், அண்ணன் கணக்கு இப்படி. மேலூருக்கு என்றால் முழுத் தீர்ப்பையும் ஜெராக்ஸ் எடுத்துச் சேர்ப்பார். கட்சிக்காரர்கள் பேர் முதலில், பெரிதாக. ஜில்லா கோர்ட்டிலும் கிட்டத்தட்ட அதேதான். பெஞ்சுக்கு என்றால் இண்டெக்ஸ் போட்ட தொகுப்பு: பேர், சைட்டேஷன், எந்த பாரா, தொகுப்பில் எத்தனாவது பக்கம். இந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். பழைய தீர்ப்புகளில் பாரா எண் நீதிபதி போட்டதல்ல. தீர்ப்புப் புத்தகம் போடும் ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டது. நான் எஸ்.சி.சி. பாராவைச் சொல்ல, எதிர்த்தரப்பு சார் ஏ.ஐ.ஆரைப் புரட்டிக்கொண்டு "அப்படி எதுவும் இல்லையே" என்று சொல்ல, இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் தேடிக்கொண்டிருப்போம். அதனால் அண்ணன் எல்லாப் பக்கத்துக்கும் மேலே வலது மூலையில் தொடர் எண் அடித்து, நம்பும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தருவார். பேனா கிடையாது. ஜட்ஜுக்குக் கொடுக்கும் காப்பியில் பேனாக்கோடு போடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர் கட்சி.

டெல்லி சுப்ரீம் கோர்ட்டுக்கு எஸ்.எல்.பி. (அப்பீலுக்கான சிறப்பு அனுமதி மனு) என்றால் கதை வேறு. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் நியூட்ரல் சைட்டேஷன் கொண்டுவந்தது. வருஷம், ஐ.என்.எஸ்.சி., ஒரு எண், அவ்வளவுதான். எந்தப் பதிப்பாளர் புத்தகமும் வாங்காதவர்கூடச் சொல்லலாம், பாரா எண்ணும் தீர்ப்பில் உள்ளதுதான். இங்கிலாந்தில் இது 2001-லேயே வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் சுமார் 34,000 தீர்ப்புகளை இலவசமாகவும் திறந்துவிட்டார்கள். அதைச் சொல்லிக்கொடுத்ததும் அண்ணன்தான். டெல்லி வக்கீலுக்கு அனுப்பும் டிராஃப்டில் நியூட்ரல் சைட்டேஷனை முதலில் போட்டு மற்றதைப் பின்னால் வைப்பார். நம் ஹைகோர்ட் உத்தரவுகளின் கடைசியில் இண்டெக்ஸ், இண்டர்நெட் என்று வரும் வரிகளோடு நியூட்ரல் சைட்டேஷன் உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்குமே, அதை நான் பல நாள் கண்ணாலேயே பார்த்ததில்லை.

ஆன்லைன் பிரிண்ட்அவுட்களில்தான் அவருக்கு ஒவ்வாமை. எஸ்.சி.சி. ஆன்லைன் எண்ணைப் பக்க எண் என்று நினைத்துப் புத்தகம் தேடுகிறவர்களை வைத்து நாள் முழுக்கச் சிரிப்பார். மனுபத்ரா என்ற தீர்ப்பு தேடும் தளத்தின் எண் மனு, டி.என். என்று தொடங்கும். "மனுவுக்குள்ளயே இன்னொரு மனுவா?" என்று அதற்கும் ஒரு ஜோக். இருபது தடவை கேட்டாயிற்று.

ஒருநாள் ஒரு தம்பி செல்லிலிருந்து ஐந்து சைட்டேஷன் வாசித்தான். ஏ.ஐ.யிடம் கேட்டது என்று கூச்சமில்லாமல் சொன்னான். "காப்பி இருக்கா?" என்றார் அண்ணன். இல்லை. இ-எஸ்.சி.ஆரில் தேடினார்கள். மூன்று கிடைக்கவில்லை, நான்காவது எண்ணில் வேறொரு வழக்கு. "2023-ல நியூயார்க்ல இப்படித்தான் இல்லாத தீர்ப்பைக் கொடுத்த வக்கீலுங்களுக்கு 5,000 டாலர் போட்டாக தம்பி" என்று சொல்லி, அந்த வரிகளை அடிக்க மறுத்துவிட்டார். காசு போனாலும் பரவாயில்லை என்று வேலையைத் திருப்பிக் கொடுக்கும் டைப்பிங் கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். தமிழ் டைப்பிங் இன்னும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில்தான். ஃபைலை வாங்கிக்கொண்டு வீட்டில் திறந்தால் வாதுரை முழுக்கப் பூச்சி பூச்சியாக இருக்கும். பி.டி.எஃப்.பாக வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் என்றால் மறுபடி ஒத்தக்கடைதான். அண்ணன் இல்லாத நேரம் உட்கார்ந்திருக்கும் பையன் வேகமாக அடிப்பான், ஆனால் கொடுத்ததை அப்படியே அடிப்பான். வண்டி நிறுத்த இடம் கிடையாது. அமெரிக்க ரூலிங் மட்டும் அண்ணனுக்குப் பிடிபடவில்லை. 347 யு.எஸ். 483 (1954) என்று வால்யூம் முன்னாலும் வருஷம் கடைசியிலும் வருவதைப் பார்த்து, "தலைகீழா எழுதியிருக்கீகளே" என்று எனக்கே திருத்திக் கொடுத்தார். அந்த எண்ணுக்குரிய பிரவுன் வழக்கைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்டார்.

டைப்பிங் பக்கத்துக்கு முப்பது ரூபாய், ஜெராக்ஸ் ஒன்றரை. சைட்டேஷன் பார்த்துத் தருவதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, கேட்டால் முறைப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் போய்விடாதீர்கள். திங்கட்கிழமை லிஸ்டில் இருக்கிற அத்தனை பேரும் அங்கேதான் நிற்பார்கள், நானும்.